இது எத்தனாவது ஜோடி?

என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, "இவருக்கு அதிர்ச்சி தர்ற மாதிரி எதுவும் சொல்லிடாதீங்க" என்று டாக்டர் என் மகனிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கெட்டது எதுவுமே நடக்கவில்லை. மில்லில் பெல்ட் அறுந்ததில்லை. அறுவடை மெஷின் சேற்றில் புதைந்ததில்லை. சொந்தத்தில் ஒரு சாவு கிடையாது. எல்லாம் என் ராசி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக என்னைத் திடுக்கிட வைத்தவர் ஒரு அம்மாள். கடல் தண்ணீரில் மீன்தொட்டி வைத்துக் கொடுப்பது அவர் தொழில். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது தேடி வந்து, "நான் அப்படிச் சொல்லலைங்களே, இப்படித்தானே சொன்னேன்" என்று இதிலும் பிழை பிடிப்பார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆள். நான் மூன்றாவது வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன். அப்புறம் டிராக்டர் துடைத்தேன், டிராக்டர் ஓட்டினேன், அடிபட்ட டிராக்டர் ஒன்றை வாங்கி நானே பிரித்துப் பூட்டினேன். இன்றைக்கு அறுவடை மெஷின்கள் என் பெயர் எழுதிக்கொண்டு ஒரத்தநாடு வரை போகின்றன. அரிசி மில் இருக்கிறது. எந்தப் பண்ணையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றாரோ, அந்தப் பண்ணைக்காரர் பேரன் மெஷினுக்காக என் வாசலில் வந்து நிற்கிறான். நாற்காலி போட்டுத்தான் உட்கார வைக்கிறேன். இதையெல்லாம் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நினைத்ததை நினைத்த அன்றைக்கே முடிப்பவன் நான், அதனால் வந்தது.

என் சம்சாரம் பூம்புகாருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "இங்க ராத்திரி தவளைதான் கத்துது, தூக்கம் வரலை" என்று அழுதவள். மீன்தொட்டி அம்மாள் வந்த வருஷம் சித்திரையிலிருந்து அவளுக்கு வயிற்றில் கோளாறு. வயிற்றுப்புண் என்றார்கள், காரில் நெடுந்தூரம் அலையக் கூடாது என்றார்கள். அது புண் இல்லை, புற்று என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தோட்டத்துக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஒருநாள், "ஒரு தடவை கடலைப் பாத்துட்டு வந்தா தேவலாம் போலிருக்கு" என்று சொன்னதுதான்.

"நீ எதுக்குப் போகணும்? கடலை வீட்டுக்குக் கொண்டாரேன்," என்றேன்.

சொன்னால் செய்வேன். ஆனி மாதத்தில் ஆள் உயரத்துக்கு நீளமான கண்ணாடித் தொட்டி கூடத்தில் வந்து இறங்கிவிட்டது. வேதாரண்யத்துக்கு நெல் ஏற்றப் போன லாரியிலேயே ஒரு மூட்டை கல்லுப்பு வரவழைத்தேன். போர்வெல் தண்ணீரை விட்டு உப்பைக் கொட்டி, மண்வெட்டிக் காம்பால் நானே கலக்கினேன். நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, அன்று சாயங்காலமே மீன் விட்டாயிற்று. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. ராஜா, ராணி என்று பெயர் வைத்தேன். ஒரு மாதம் ஆகியும் இரண்டும் சுறுசுறுப்பாக இருந்தன. கண்ணாடியில் விரலை வைத்தால் ராஜா ஓடி வருவான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அவனவன் வருஷக்கணக்கா படிச்சிட்டு வந்து பண்றான், நான் ஒரே நாள்ல பண்ணினேன்" என்று காட்டுவேன்.

ஆடி பிறந்ததும் தொட்டியின் மோட்டார் ஒரு மாதிரி உறுமியது. அதைப் பார்க்கத்தான் என் மகன் அந்த அம்மாளை வரவழைத்தான்.

நாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். குட்டை உருவம். புடவைக்கு மேல் நடவுக்கு வருகிற பெண்கள் மாதிரி ஆம்பளைச் சட்டை. உப்பில் ஊறி ஊறி முழங்கைத் தோல் சாம்பல் பூத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு, "டீ இருந்தா குடுங்க, சர்க்கரை நெறைய" என்றார். குடித்துவிட்டு மூடியைத் தூக்கினார். விரலை நனைத்து மோந்து பார்த்தார். அப்புறம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மீன்களையே பார்த்தார்.

"இது எத்தனாவது ஜோடிங்க?"

எனக்குப் புரியவில்லை. "எத்தனாவதா? இதான் ஜோடி. ஆனியில விட்டது. என் கை ராசி அப்படிம்மா, கருவேலங்குச்சியை நட்டாலும் தழைக்கும்."

"உள்ளதைச் சொல்லிடறேங்க. இந்தத் தண்ணியில மீன் ஒரு வாரம் தாங்காது. இதுங்க வந்து ரெண்டு நாள்தான் இருக்கும். வயித்தைப் பாருங்க, கடையில பட்டினி போட்ட வயிறு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் மகன் செல்போனைப் பார்த்தான். எங்கள் கார் டிரைவர் மின்விசிறியைப் பார்த்தான். சோபாவில் சாய்ந்திருந்த என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள்.

"டேய்," என்றேன் டிரைவரிடம்.

"முதலாளி... நீங்க காலையில நடக்கப் போற நேரத்துல... திருச்சியிலேருந்து..."

"எத்தனை தடவைடா?"

"எண்ணலை முதலாளி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை ஏமாற்றி ஒரு மூட்டை நெல் எடுத்துவிட முடியாது. என் கூடத்தில், என் கண்ணெதிரில், ஒரு மாதமாக ராஜா செத்துச் செத்துப் பிறந்திருக்கிறான்.

"என் விரலுக்கு வந்தது யாரு?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் கேட்டேன்.

"எல்லாந்தான் வந்துச்சு," என்றாள் என் சம்சாரம். "பசி."

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தன் கதையில் ஒரே ஒரு துண்டைச் சொன்னார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் ஊர், வீடு, புருஷன், பிள்ளை எதைப் பற்றியும் நாங்கள் கேட்டு அவர் சொன்னதில்லை. வளைகுடாவில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் அவருக்கு வேலை. உள்ளே வீட்டு உயரத்துக்கு மீன்தொட்டி. "விடியறதுக்குள்ள எறங்கிப் பாக்கணுங்க. செத்ததை எடுத்துடணும். அதே மாதிரி, அதே அளவுல இன்னொன்னை விட்டுடணும். கதவு தொறக்கறப்ப எல்லாம் உயிரோட இருக்கணும். அதான் வேலை. ஒரு சின்னப் பொண்ணு தெனமும் வந்து ஒரு மீனுக்கு டாட்டா காட்டும். அதுக்கு நான் எத்தனை மீன் மாத்தியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒருநாள் என்னால முடியலை. வந்துட்டேன்."

அதன் பிறகு அவர் எந்தத் தொட்டியிலும் ஒன்று செத்தால் ஒளித்ததில்லையாம். உள்ளங்கையில் எடுத்து வைத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டில் அதற்காகவே இவரை வரவேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

மறுநாளே தொட்டியைக் காலி செய்ய வைத்தார். இருந்த ஜோடியைத் தன் வாளியில் எடுத்துக்கொண்டார். என் வேதாரண்யத்து மூட்டையைக் காலால் தட்டி, "இதை ஊறுகாய்க்குப் போடுங்க. கடல்ல வெறும் உப்பா இருக்கு?" என்றார். வடிகட்டிய தண்ணீர், பாக்கெட்டில் வந்த கடல் உப்பு, மணல், காய்ந்த கல். அதோடு தன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்த இரண்டு கல். எல்லாம் போட்டு, விளக்கைப் போட்டதும் தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. நான் கை தட்டப் போனேன். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, நாறிப்போன இறால் ஒன்றை அதற்குள் போட்டார்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"சோறு போடறேங்க."

"யாருக்கு? உள்ள ஒன்னுமே இல்லையே."

"கண்ணுக்குத் தெரியாத உசுருங்க வரணும். மீன் கழியறது மீனுக்கே விஷம். அதைத் தின்னு தீக்கறதுக்கு ஆளு வேணும். இந்த அழுகலைத் தின்னு அதுங்க பெருகினாத்தான் அப்புறம் மீனு."

வீடு நாறியது. மருமகள் ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தினாள். அவர் வாரம் ரெண்டு தடவை வந்து, சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டுவார். பச்சையாக மாறும். "விஷம். மஞ்சளாவே நிக்கணும், அப்பத்தான் மீனு," என்று ஊற்றிவிட்டுப் போய்விடுவார். எனக்கு ஆத்திரம். ஒருநாள் மில்லுக்குப் போகிற வழியில், தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுது தண்ணீர் கட்டியிருந்த வயலைப் பார்த்தேன். நாற்றம் மூக்கைத் துளைத்தது. காரை நிறுத்தச் சொன்னேன். தழையை மிதித்த அன்றைக்கே எவனாவது நாற்று நடுவானா? அழுகுகிற சூட்டில் பயிர் மஞ்சளித்துப் போகும் என்று மாடு மேய்க்கும்போதே தெரிந்தவன் நான். அந்த இடத்திலேயே விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், "தண்ணிக்குத் தழை மிதிச்சிருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். "நீங்களா மிதிச்சீங்க?" என்று அந்த அம்மாள் ஒரு தடவை கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை.

என் சம்சாரம் அந்த வெறும் தொட்டியின் முன்னாலேயே படுக்கையைப் போடச் சொன்னாள். மீன் இருந்தபோதுகூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. ஈரச் சாக்கில் வந்த கல்லிலிருந்து என்னென்னவோ வெளியே வந்தன. மயிர் மாதிரி ஒரு புழு. விசிறி மாதிரி விரிந்து, ஆள் நிழல் பட்டால் சுருங்கும் ஒன்று. மிளகு அளவில் ஒரு நத்தை. "இந்த நத்தை எங்க ஊர் பாறையில இருக்கும்," என்பாள். அந்த அம்மாள் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று உரிமையாகக் கேட்டுச் சாப்பிடுவார். இரண்டு பேரும் அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு மருமகள் வாய்க்காலில் பூசை போட்டு, செம்புச் சொம்பில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தாள். என் சம்சாரம் அதை வாங்கி, "இதுல கொஞ்சம் தொட்டியில ஊத்தட்டுமா?" என்றாள்.

பெரிய சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அந்த அம்மாள் சொம்பைத்தான் முதலில் பிடுங்கி அப்பால் வைத்தார். "செம்பு ஆகாதுக்கா, நத்தை செத்துடும்."

"காவிரி கடைசியில எங்க ஊருக்குத்தானே வருது," என்றாள் என் சம்சாரம்.

அந்த அம்மாள் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளருக்கு மாற்றிக் கொடுத்தார். "ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு எங்கயும் போறதில்லை. அதனால நல்ல தண்ணி ஊத்தித்தான் ஆகணும். கையில ஏந்தி ஒரு வாய் ஊத்துங்க. அதுக்கு மேல வேணாம்."

ஆவணி பாதியில் குழாயில் நிறம் அரைப் பச்சைக்கு இறங்கியது. கல்லெல்லாம் பழுப்பு படிந்தது. அதுவும் நல்லதற்குத்தான் என்றார். என் சம்சாரம் இளைத்துக்கொண்டே போனாள். வளையல் முழங்கை வரை ஏறியது. கேட்டால், "பத்தியச் சாப்பாடு, அப்படித்தான் இருக்கும்" என்றான் என் மகன். நானும் அதை நம்பினேன். நான் நம்புகிற ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நல்ல மனநிலை. பொறுமையில் நானும் தேறிவிட்டேன் என்று காட்டிக்கொள்ள ஆசை.

"நீ நிதானமா பண்ணும்மா," என்றேன். "எங்களுக்கு என்ன அவசரம்? தண்ணி நல்லா பழகட்டும். அடுத்த ஆடிக்கு மீன் விட்டாலும் சரிதான்."

அவர் துணியை வாளியில் போட்டார்.

"அடுத்த ஆடிக்கு அக்கா இருக்க மாட்டாங்கய்யா."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அவங்களுக்கு இருக்கறது வயித்துப்புண் இல்லை. புத்து. ஈரலுக்குப் போயிடுச்சாம். உங்க நெஞ்சுக்கு ஆகாதுன்னு உங்ககிட்ட சொல்லலை. அக்கா என்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நீங்களே சொல்லிடுங்க, இல்லாட்டி நான் சொல்லிடுவேன்னு நானும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க சொல்லலை. அதான் சொல்றேன்."

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இதோ நிற்கப் போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

"வெளிய போ," என்றேன். "என் வீட்டு விஷயத்தைப் பேச நீ யாரு? உன்னை மீன் விடத்தானே கூப்பிட்டாங்க?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "போறேங்க. கதவு தொறக்கறதுக்குள்ள செத்ததை எடுத்து ஒளிச்சு வைக்கிற வேலையை நான் எப்பவோ விட்டுட்டேன். தண்ணி முந்துதோ அக்கா முந்தறாங்களோ தெரியாது. அவங்களுக்காகக்கூட நான் தண்ணியை அவசரப்படுத்த மாட்டேன். நீங்க அவங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்குத் தண்ணி பழக வேண்டியதில்லை."

என் மகனையும் மருமகளையும் டிரைவரையும் நான் அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் மறுப்பு வரவில்லை. அப்போதுதான் நான் நம்பினேன். அதுவரைக்கும் மனசின் ஒரு மூலையில், அந்த அம்மாள் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாளா?"

"நீ ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மெஷினை எறக்கி அறுத்து எடுத்துடுவீங்களா?" கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு நினைச்சது ஒன்னு நடக்கலைன்னா ஒத்துக்கத் தெரியாது. அதைப் பாத்துக்கிட்டு உங்களுக்கும் சேத்து நான் அழணும். அதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "நெஞ்சு எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்கு," என்றேன்.

மறுநாள் பூம்புகாருக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, அலை வருகிற இடத்தில் இறக்கினோம். கால் நனைந்தது. புடவை நனைந்தது. அவள் கடலையே பார்த்தாள். "உங்க தொட்டியைவிட இது பரவாயில்லை," என்றாள். டிரைவர் தள்ளிப் போய் நின்று அழுதான். அதற்கப்புறம் முடிகிறபோதெல்லாம் போனோம்.

போ என்று சொன்ன அந்த அம்மாள் அடுத்த வாரமே, ஒன்றும் நடக்காதது மாதிரி வாளியோடு வந்தார். டீயில் சர்க்கரை குறைவு என்றார். நானும் இன்னும் போடச் சொன்னேன். புரட்டாசி கடைசியில் குழாயில் மருந்தைச் சொட்டி, மஞ்சள் நிறத்தை என் சம்சாரத்தின் கண்ணெதிரே காட்டினார். "ஆயிடுச்சுக்கா." மீன் பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, மத்தியானம் வரை அதன் பக்கத்திலேயே இருந்தார். பிறகு இரண்டு மீனையும் கையால் வழிய விட்டார். அதே ஆரஞ்சு, அதே வெள்ளைப் பட்டை. இந்தத் தடவை நான் பெயர் வைக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, அவர் எங்கள் வீட்டுச் சில்வர் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதில் செத்த மீனை வைத்து, என் சம்சாரத்தின் கட்டிலுக்கு எதிரே கொண்டுவந்து நீட்டினார். தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது, இது வரும்போதே நோயோடு வந்திருக்கிறது என்றார். மருமகள், "ஐயோ, அத்தைகிட்டயா காட்டுவீங்க?" என்று பதறினாள். நானும் பதறினேன். இவ்வளவுக்குப் பிறகும் பதறினேன்.

என் சம்சாரம் தட்டைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஒன்னு இருக்குல்ல," என்றாள்.

தை மாதம், எங்கள் வயலிலேயே மெஷின் இறங்கியிருந்த நேரம், அவள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள். கஷ்டப்படாமல் போய்விட்டார்களாம். தூங்குகிற மாதிரி இருக்கிறார்களாம். அந்த அம்மாள் சட்டையில்லாமல், வெறும் புடவையில் வந்தார். அவளையே வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிச்சிருக்குங்க," என்றார். "பல்லைக் கடிச்சிருக்காங்க, தாடை அப்படியே இருக்கு பாருங்க."

நான் தலையை ஆட்டினேன். கடைசி மூன்று இரவும் பக்கத்தில் இருந்தவன் நான். எனக்குத் தெரியும். கூடம் நிறைய ஆள் இருந்தும் அதைத் தெரிந்த இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது அவர் கேரளாப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. போன் போட்டால் எடுப்பதில்லை. என் சம்சாரத்துக்குக் காரியம் முடிந்த கையோடு டிரைவர் வந்து, "முதலாளி, திருச்சியிலேருந்து ஜோடிக்கு ஒன்னு..." என்று இழுத்தான். நான் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டான். தொட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஜில்லாவில் கடல் தண்ணீரை இத்தனை வருஷம் கெடாமல் வைத்திருக்கிற ஆள் வேறு யாரும் கிடையாது, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

காலையில் நடந்துவிட்டு வந்ததும் நேரே தொட்டிக்குத்தான் போவேன். மிச்சமிருக்கிற அந்த மீனின் வால் நுனியில் ஒரு கிழிசல் உண்டு. டிரைவர் பின்னால் நின்றுகொண்டு, நான் கேட்காமலே, "அதேதான் முதலாளி," என்பான்.

அவன் சொன்னாலும், குனிந்து பார்த்துவிட்டுத்தான் இரை போடுவேன்.